காலி இடத்தையும் படித்த திருடன்

அத்தியாயம் 6

"நாலு மணிக்கு நிலைய இயக்குநர் வர்றார்," என்றார் சிஸ்டம்காரர். "கையில போலீஸ் புகாரோட."

"இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கா? தாராளம். நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினதே ஒண்ணரை நிமிஷத்துல," என்றான் திருப்புளி.

"அக்காகிட்ட சொல்லட்டுமா அத்தான்?" என்றாள் மச்சினி, நிமிர்ந்து பார்க்காமலே.

"சொல்லு. அவளும் அதையேதான் சொல்லிட்டு இருக்கா."

திருப்புளி என்பது அவனுக்குத் தெரு வைத்த பெயர். மற்றவர்கள் பேனா குத்தும் சட்டைப்பையில் அவன் திருகு கழற்றும் ஒரு சின்னத் திருப்புளி வைத்திருப்பான். மின்விசிறியும் ரேடியோவும் பழுது பார்த்துக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டு, மனைவியின் தங்கையிடம் உதவியாளனாகச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. துப்பறிகிறவள் அந்தத் தங்கைதான். யாராவது சீண்டினால், "வீட்ல அக்காவுக்குக் கீழ, வெளியில தங்கச்சிக்குக் கீழ, பழகிப்போச்சு" என்று அவனே முந்திக்கொள்வான். அவன் வாய் ஓயாது. ஓய்ந்தால் வேறு ஏதாவது நினைவுக்கு வந்துவிடும் என்பது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

சர்வர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. இரும்பு அலமாரிகளில் கம்ப்யூட்டர்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்க, காற்றாடிகளின் இரைச்சலில் எல்லாரும் சற்றுக் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. மச்சினி ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடியில் கத்தையாகக் காகிதம் வைத்திருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அணை உடைந்து வந்த வெள்ளம் அடித்துப்போனவர்களில், யார் எவர் என்று தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கல், கல்லில் ஒரு எண். எந்த எண் யாருடையது என்று சொல்லக்கூடியவை இந்த அடையாளம் காணும் நிலையத்தில் இருந்த படங்கள் மட்டும்தான். முகம், உடை, பல்லின் எக்ஸ்ரே, கையில் கிடந்த மோதிரம் என்று ஒருவருக்கு நூறு படம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை குடும்பத்தார் வந்து பார்க்கலாம். ஒரு தடவைக்கு நாற்பது பேரின் படங்கள்தான், அதுவும் வரிசைப்படி. அதற்குமேல் மனுஷ மனசு தாங்காது என்று யாரோ டாக்டர் சொல்லி வைத்த விதி. இறந்தவர்களின் மானத்தைக் காப்பதற்காக இன்னொரு விதியும் இருந்தது: எந்தப் படத்துக்கும் எங்கேயும் பிரதி எடுக்கக் கூடாது.

திருப்புளியின் தம்பி லாரி ஓட்டினான். அன்றைக்கு ஆற்றோரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கியவன் திரும்பவில்லை. அவன் உயிரோடு இருப்பான் என்று திருப்புளி நம்புவதை விட்டு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அவனுக்கு வேண்டியது ஒரு எண். எந்தக் கல் என்று தெரிந்தால் அம்மாவைக் கூட்டிப்போய் ஒரு தடவை அதன் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அம்மாவும் அவனுமாக எழுபது திங்கட்கிழமைகளில் இரண்டாயிரத்து எண்ணூறு பேரைப் பார்த்தாயிற்று. மிச்சம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த மிச்சத்தில் எங்கோ தம்பி இருக்கிறான்.

இருபது நாளைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ படங்கள் அத்தனையையும் சிதைத்துவிட்டார்கள். ரகசியச் சொல் தெரிந்தவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர் ஒருவர்தான். எனவே பழியும் அவர்மேல். மாதா மாதம் வந்து பழகிய திருப்புளியின் காலில் விழாத குறையாக அவர் கேட்டுக்கொண்டார்: "திருடனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க அண்ணே. அழிக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படிச்சிருக்கான். அப்படின்னா அவன்கிட்ட ஒரு பிரதி இருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருபது நாளாகத் திருப்புளி சாப்பிட்டான், தூங்கினான். திருடனைப் பிடித்தால் தம்பி கிடைப்பான். திருடன் நன்றாக இருக்கவேண்டும் என்று சாமி கும்பிட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான்.

"மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் மச்சினி.

சிஸ்டம்காரர் தொண்டையைச் செருமினார். ஒடிசலான ஆள், நாலு நாள் தாடி. "படங்கள் இந்த சர்வர்ல இல்ல மேடம். பக்கத்து அறையில ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, வெறும் ஹார்ட் டிஸ்க் வட்டுகளா அடுக்கினது. சர்வர் கேபிள் வழியா அந்தப் பெட்டியில ரகசியச் சொல்லைச் சொல்லி உள்ள போய், அந்த வட்டைத் தன்னோட வட்டு மாதிரியே பயன்படுத்தும். அந்தச் செவ்வாய்க்கிழமை எழுபத்தேழுன்னு முடியற ஒரு முகவரி உள்ள வந்திருக்கு. சரியான ரகசியச் சொல். முப்பத்தொரு மணி நேரம் இருந்திருக்கு."

"அந்த முகவரி இங்க எந்த மெஷினுக்கு?"

"எதுக்கும் இல்ல. பதினாலு மெஷின்லயும் முகவரிப் பட்டியலைப் பார்த்துட்டேன். எதுலயும் எழுபத்தேழு கிடையாது. ஒவ்வொரு மெஷினும் தன் வழியா போற வர்றதைக் குறிச்சு வைக்கும், அதுலயும் ஒரு சொட்டு இல்ல. வெளியாள்தான். லேப்டாப்பைக் கொண்டுவந்து சொருகியிருக்கான்."

"எத்தனை மணிக்கு வந்தான்?"

"மத்தியானம் ரெண்டு பதினாலு."

"அன்னிக்கு இந்தக் கட்டடத்துல வேற என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. கரண்ட் போச்சு. பேட்டரியும் தீர்ந்து எல்லாம் அணைஞ்சிடுச்சு. அப்புறம் வந்துடுச்சு."

"எப்ப?"

அவர் செல்போனில் தேடினார். "ரெண்டு பதினொண்ணு."

மச்சினி முதல் தடவையாக நிமிர்ந்தாள். "மூணே நிமிஷம்."

"பாவம், இருட்டுன்னா பயம் போல," என்றான் திருப்புளி. "லைட்டு வந்ததும்தான் திருட வந்திருக்கான். தொழிலுக்குப் புதுசு."

அவள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். பெட்டி தானே எழுதிவைத்த பதிவு அது. எந்த நேரம் வட்டின் எந்தப் பகுதியைத் தொட்டான் என்று வரிவரியாக இருந்தது. அரை மணி கழித்து அவள் விரல் ஒரு பக்கத்தில் நின்றது.

"வட்டுல மொத்தம் எத்தனை பாகம்?"

"அறுபது."

"படங்கள்?"

"முதல் இருபத்திரண்டு பாகத்துல. மிச்சம் முப்பத்தெட்டும் சும்மா கிடக்கு. ஒண்ணுமே எழுதலை."

"அந்த முப்பத்தெட்டையும் இவன் படிச்சிருக்கான்."

சிஸ்டம்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"இருபது மணி நேரம் காலி இடத்தைப் படிச்சிருக்கான்," என்றாள் அவள். "ஒரு ஓரத்தையும் விடலை. டீ குடிக்க எழுந்திருக்கலை. ஒரு தடவைகூடப் பின்னால போய்ப் பார்க்கலை."

"வீடு புகுந்து திருடறவன் ஒவ்வொரு காலி டப்பாவா திறந்து முகர்ந்து பார்த்த கதையால்ல இருக்கு," என்றான் திருப்புளி. "இவன் திருடனா, சுகாதார ஆய்வாளரா?"

"அதேதான் அத்தான்," என்றாள் அவள். குரலில் மகிழ்ச்சி இல்லை. அவள் ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது மூக்கு நுனி லேசாகச் சிவக்கும். இன்றைக்கு முகமே வெளுத்திருந்தது. திருப்புளி அதைக் கவனித்தான், ஏனென்று அப்போது புரியவில்லை. "திருடறவனுக்குக் காலி இடம் எதுக்கு? காலி இடத்தையும் பார்க்கறது சோதனை போடறவன்தான். சரி. முகவரியை யார் வேணும்னாலும் வச்சுக்கலாம். ஆனா ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு எண் குத்தி அனுப்புவாங்கல்ல? எழுபத்தேழோட எண்ணைப் பெட்டி குறிச்சிருக்கா?"

"இருக்கு. பத்தொம்பதுன்னு முடியுது. அதையும் தேடிட்டேன் மேடம். நம்ம மெஷின் எதுலயும் பத்தொம்பது இல்ல."

"பதினெட்டு இருக்கா?"

சிஸ்டம்காரர் பட்டியலை எடுத்தார். மேலிருந்து கீழே விரல் இறங்கியது. பன்னிரண்டாவது வரியில் நின்றது.

"இருக்கு," என்றார் மெதுவாக. "முன்னால இருக்கற எண்ணெல்லாம் அப்படியே. கடைசி மட்டும் பதினெட்டு. உதிரி சர்வர். மூலையில இருக்கே, அது. ஆனா ஒண்ணு வித்தியாசம்னா அது வேற கார்டு மேடம்."

"அத்தான், திறங்க."

அவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உதிரி சர்வரை அணைத்து, அலமாரியிலிருந்து பாதி இழுத்து, நான்கு திருகுகளைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். உள்ளே பெரிய பலகையில் நிமிர்த்திச் சொருகியிருந்த ஒரு கார்டு மட்டும் புதிதாக, தூசி படியாமல் இருந்தது. கார்டின் முதுகில் சின்ன வெள்ளை ஒட்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தான்.

"ரெண்டு வரி இருக்கு. மேல நெட்வொர்க்னு போட்டுப் பதினெட்டு. கீழ ஸ்டோரேஜ்னு போட்டு..." அவன் குரல் எகிறியது. "பத்தொம்பது! பத்தொம்பது மச்சினி! கிடைச்சுட்டான்! ஒரே கார்டுக்குள்ள ரெட்டைப் பிள்ளை!"

இருபது நாளில் அவன் அப்படிச் சிரித்ததில்லை. கையிலிருந்த திருப்புளியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிஸ்டம்காரரைப் பார்த்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது என்ன கார்டு?" என்று மச்சினி கேட்டாள்.

"சுமை இறக்கற கார்டு மேடம்." அவர் உதடு மட்டும் அசைந்தது. "பெட்டியிலேர்ந்து படம் வரணும்னா அதைத் துண்டு துண்டா வாங்கி, சரிபார்த்து, ஒட்டற வேலையெல்லாம் சர்வரோட மூளைதான் செய்யணும். இந்தக் கார்டு அந்த வேலையைத் தானே செஞ்சுடும். அதுக்குன்னு தனி எண், தனி முகவரி. அது போடற தொடர்பு சர்வரோட நெட்வொர்க் பட்டியல்ல வராது. சர்வர் தன் கண்ணால பார்க்கவே பார்க்காது."

"அதனாலதான் எந்தப் பட்டியல்லயும் எழுபத்தேழு இல்ல."

"ஆனா இது வேலையே செய்யலையே மேடம்! ரெண்டு மாசம் முன்னாடி மூணு நாள் முயற்சி பண்ணினேன். பெட்டியோட சேரவே இல்ல. கேபிளெல்லாம் வந்து சேர்ற நெட்வொர்க் ஸ்விட்ச்ல ஏதோ சரியில்லைன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் ஸ்விட்சை யாராவது தொட்டாங்களா?"

"போன மாசம் நெட்வொர்க் ஆளுங்க மாத்தினாங்க."

"கார்டைக் கழட்டினீங்களா?"

"இல்ல. வேலை செய்யாததை எதுக்குக் கழட்டணும்னு..."

"நீங்க எழுதின கட்டளைகளை?"

அவர் கட்டளைகள் இருக்கும் வட்டை உதிரி சர்வரிலிருந்து பிடுங்கி, மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் மாட்டினார். கருப்புத் திரையில் இரண்டு வரி தட்டினார். அந்தக் கார்டுக்காக எழுதிய குறிப்பு திரையில் வந்தது. முகவரி எழுபத்தேழு. ரகசியச் சொல் என்ற இடத்தில் நட்சத்திரங்கள். தொடக்கம் என்ற இடத்தில் 'தானாக' என்ற பொருள் தரும் ஒற்றைச் சொல். இன்னொரு கோப்பில், மெஷின் கிளம்பியதும் அந்த வட்டை ஓரம் விடாமல் சோதித்துப் பழுதிருந்தால் சரிசெய் என்று ஒரு வரி. இரண்டையும் எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் மச்சினி, குரலைத் தாழ்த்தி.

"கரண்ட் வந்ததும் உதிரி சர்வர் கிளம்பியிருக்கு," என்றார் அவர், திரையைப் பார்த்தபடி. "ஸ்விட்ச் சரியானதால கார்டு இந்தத் தடவை பெட்டியோட சேர்ந்துடுச்சு. வட்டைப் பார்த்திருக்கு. பெரிய சர்வர் அதே வட்டைத் திறந்து வச்சிருந்திருக்கு. இதுக்கு அது தெரியாது. பாதியில விட்ட வட்டு, பழுதுன்னு நினைச்சிருக்கு. ஒரே நோட்டுல ரெண்டு பேர் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் எழுதின மாதிரி... இது திருத்தத் திருத்த அது எழுதி, அது எழுத எழுத இது திருத்தி..." அவர் நிறுத்தினார். "திருடலை மேடம். பழுது பார்த்திருக்கு. முப்பத்தொரு மணி நேரமும் பழுது பார்த்திருக்கு."

"சோதனைக்கு ஏன் இந்த வட்டை எடுத்தீங்க?"

"இதுதான் பெரிசு. வேகம் கூடுதான்னு இதுலதான் தெரியும்." அவர் திருப்புளியின் பக்கம் திரும்பினார். "ஒரு படம் திறக்க இருபது செகண்ட் ஆகும்ல அண்ணே? நான் ஹால்ல அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலதான் உட்கார்ந்திருப்பேன். அந்த இருபது செகண்டும் உங்க எல்லார் முகத்தையும் பார்த்துக்கிட்டு உட்கார முடியலை அண்ணே. ரெண்டு செகண்டாக்கிடலாம்னு பார்த்தேன்."

திருப்புளிக்கு அந்த இருபது செகண்ட் தெரியும். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படம் இறங்கும். முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி. தம்பியாக இருக்கட்டும் என்றும் தம்பியாக இருக்கக்கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிற நேரம் அது.

அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது.

"அப்ப பிரதி?" என்றான்.

மச்சினி மடியிலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"படிச்சதை எங்கேயாவது வச்சிருக்குமே. கார்டுக்குள்ள? இந்த சர்வர்ல? எங்கேயாவது?"

"இல்ல அத்தான்," என்றாள் மச்சினி. "படிச்சுப் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போயிடும். ஒண்ணையும் வச்சுக்காது. காலி இடத்தைப் படிச்சிருக்கான்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

சிரிப்பும் கும்மாளமுமாக அந்த மூடியைத் திறந்தது தன் கைதான் என்பது திருப்புளிக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. எதிரில் நிற்கிற மனுஷனைக் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் வந்தது. திட்டவாவது வேண்டும். ஆனால் இவர் செய்தது என்ன? அம்மாவின் இருபது செகண்டைக் குறைக்கப் பார்த்தார். அதற்கு எந்தக் கெட்ட வார்த்தையைச் சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

சுவர்க்கடிகாரம் நாலுக்குப் பத்து காட்டியது.

"மேடம், ஒரே ஒரு உதவி," என்றார் சிஸ்டம்காரர். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே பேசினார். "திருடன் இன்னும் அகப்படலைன்னு எழுதிடுங்க. என்னையும் கூட்டாளின்னு எழுதிக்குங்க, ஜெயிலுக்குப் போறேன். என்னைக் காப்பாத்த வேணாம். இன்னிக்கு முதல் திங்கட்கிழமை, வெளியில ஹால்ல அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. திருடன் இருக்கான்னா அவன்கிட்ட பிரதி இருக்கு. பிரதி இருக்குன்னா அவங்க அடுத்த மாசமும் வரலாம். நீங்க உண்மையை எழுதினா அவங்க எங்க போவாங்க?"

மச்சினி காகிதத்தில் பேனாவை வைத்தாள். எழுதவில்லை. எத்தனையோ வழக்குகளில் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"இதை நான் முடிவு பண்ண மாட்டேன் அத்தான். நீங்க சொல்லுங்க."

திருப்புளி கழற்றிய திருகுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் எவ்வளவு வசதியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? இருபது நாளாக அவனே அந்த வீட்டில்தான் குடியிருந்தான்.

"உள்ளதை எழுது," என்றான் கடைசியில். "அம்மா மாசா மாசம் ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. இல்லாத திருடனுக்காக அந்தக் கிழவியை ரெண்டு பஸ் மாற வைக்க என்னால ஆகாது. இவரைப் போலீஸ்ல குடுக்கவும் வேணாம். நடந்தது தப்பு, களவு இல்லைன்னு தெளிவா எழுது."

"ஹால்ல இருக்கறவங்களுக்கு யார் சொல்றது?"

"நானே சொல்றேன். இயக்குநர் வந்து படிச்சுக் காட்டினா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது."

நடையைக் கடந்து ஹாலுக்குப் போவதற்குள் வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டான். முதலில் திருடன் இல்லை என்பது. அப்புறம் நடந்தது ஒரு தவறு என்பது. கடைசியாக, படங்கள் போனது போனதுதான், இனிமேல் யாரும் வரவேண்டாம் என்பது. மூன்றே வாக்கியம்.

பார்வையிடும் திரைகள் அணைந்து கிடந்தன. 'மீட்புப் பணி நடைபெறுகிறது' என்று எழுதிய காகிதத்துக்குக் கீழே, படம் இல்லை என்று தெரிந்தும், எல்லாரும் அவரவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா. அவன் முகத்தைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"என்ன பெரியவனே, திருடன் கிடைச்சானா?"

அவள் கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. அறுபது தலைகளும் திரும்பின. திருப்புளி அவள் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"திருடன்னு யாரும் இல்லம்மா."

"இல்லையா?"

"வெளியிலேர்ந்து யாரும் வரலை. யாரும் எதையும் எடுத்துட்டுப் போகலை. அது என்னன்னா..."

அடுத்த வாக்கியத்துக்கு அவன் மூச்சை இழுப்பதற்குள் அம்மாவின் முகம் விரிந்துவிட்டது. பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியா? யாரும் எடுத்துட்டுப் போகலையாம்! அப்ப எல்லாம் இங்கதானே இருக்கும்!"

"இங்கதான் இருக்காம்" என்று பின்வரிசைக்கு யாரோ சொன்னார்கள். அங்கிருந்து அதற்கும் பின்னால் போனது. ஒருவர் எழுந்து கும்பிட்டார். வாசல் பக்கம் யாரோ அழ ஆரம்பித்தார்கள், சந்தோஷத்தில்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளும்மா..." என்றான் திருப்புளி.

"கேக்கறேன், கேக்கறேன்," என்ற அம்மா, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தாள். "எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"